நம் ஊர்த் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி? – கேள்வி பதில்

குமரி மாவட்டப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரையும் சுற்றுச்சூழலையும் பள்ளியில் கற்பிப்பது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தக்கலை அருகே நடுநிலைப் பள்ளி ஆசிரியை): ஐயா, தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னால், "இங்கேதான் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் இருக்கிறதே டீச்சர், நமக்கு எதற்கு?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அது நல்ல கேள்வி, அம்மா. அடக்கிவிடாமல் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும்போது, நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்து கிடைக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் இங்கே விளைந்ததற்கு அதுவே காரணம். ஆனால் நம் மாவட்டத்தில் மலையும் கடலும் மிக அருகருகே இருக்கின்றன. சரிவு அதிகம், ஆறுகள் குறுகியவை. தடுத்து நிறுத்த எதுவும் இல்லையென்றால் மலையில் விழுந்த மழை தாமிரபரணி வழியாகத் தேங்காப்பட்டணத்திலும், வள்ளியாறு வழியாகக் கடியப்பட்டணத்திலும், பழையாறு வழியாக மணக்குடியிலும் விரைவாகக் கடலில் சேர்ந்துவிடும். எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டுப் பழகிய பிள்ளைகளை, பெய்த மழை எத்தனை நாள் நம்மோடு தங்கியது என்று கேட்கப் பழக்குங்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களை முன்னோர் எதற்காக வெட்டினார்கள், ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி ஏன் அமைத்தார்கள் என்பது அப்போது அவர்களுக்குத் தானாகவே புரியும்.

இதற்கு நான் பல ஆண்டுகள் கையாண்ட வழி ஒன்று உண்டு. அணைகளின் நீர்மட்டம் நாளிதழ்களில் தினமும் வருகிறது. வகுப்புச் சுவரில் ஒரு பெரிய வரைபடத் தாளை ஒட்டி, பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணைக்கு 25 அடி என்று முழுக் கொள்ளளவைக் கோடாகப் போட்டுவிட்டு, அன்றன்றைய மட்டத்தை ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை புள்ளியாகக் குறிக்கட்டும். ஜூன் மாதத்தில் மழை தொடங்கியதும் கோடு ஏறும். வழக்கமாகப் பிப்ரவரி வரை பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கப்படுவதால் இடையிடையே இறங்கும். மார்ச், ஏப்ரலில் முக்கடலின் கோடு எங்கே வந்து நிற்கிறது என்று பிள்ளைகள் பார்ப்பார்கள். நீங்கள் உபதேசம் செய்ய வேண்டிய தேவை அதற்குப் பிறகு பெரும்பாலும் இராது.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதையும், அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் நினைவிடம் அணைப் பகுதியிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாம் குடிக்கும் தண்ணீருக்குப் பின்னால் மனிதர்களின் உழைப்பு இருக்கிறது என்று அறிந்த பிள்ளை குழாயைத் திறந்துபோட்டுவிட்டு விளையாடப் போகாது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வி (வடசேரி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்): சார், எங்கள் பள்ளிக் கூரையில் ஒரு மழைக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று நாங்களே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும், தம்பி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் சேரும். இந்த ஒரு விதி போதும். உங்கள் வகுப்புக் கட்டடத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 160 சதுர மீட்டர். ஒரே நாளில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,400 லிட்டர். தெறிப்பது, கூரை உறிஞ்சுவது, முதல் மழையில் அழுக்கைக் கழுவிவிடுவது ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 5,120 லிட்டர் கையில் நிற்கும். கூரை சாய்வாக இருந்தால் ஓட்டின் பரப்பை அளக்கக் கூடாது; அது தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதையே அளக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மாணவர்கள் தவறுகிறார்கள்.

மழையை அளக்க விலைகொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில் சாயாமல் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது என்பதால், நாளிதழில் வரும் மழையளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாகர்கோவிலில் பெய்யாத மழை குலசேகரத்தில் பெய்திருப்பதைக் கண்டு நீங்கள் வியப்படைவீர்கள். மலை மழையை எப்படி இழுக்கிறது என்ற பாடம் அங்கே தொடங்குகிறது.

இன்னொன்றையும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது; ஆகவே உங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கக்கூடும். அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது, குழி திறந்திருக்கிறதா, இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று ஆசிரியரோடு சென்று பாருங்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் குழாய் சுவரில் அழகாக இறங்கியது. ஆனால் அதன் முனை, குழியை மூடிச் சிமெண்ட் பூசிய தரைக்குமேல் நின்றது. மழைநீர் முழுவதும் வாசல் வழியாகச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்ததை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் முதலில் கவனித்துச் சொன்னாள். அத்தனை ஆண்டுகள் அந்தக் குழாயைக் கடந்து நடந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றாததை நினைத்து நான் வருந்தினேன்.

கேள்வி (குளச்சல் அருகே கடற்கரைக் கிராமத்துத் தாய்): ஐயா, எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்புக் கரிக்கிறது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று பிள்ளையிடம் சொன்னால், கண்ணுக்குத் தெரியவில்லையே என்கிறான். எப்படி விளக்குவது?

பதில்: ஒரு கண்ணாடிக் குவளையும் கொஞ்சம் கல்லுப்பும் போதும், அம்மா. குவளையில் பாதியளவு நீர் எடுத்து, நிறைய உப்பைக் கரைத்து, மஞ்சள்தூள் சிறிது கலந்து நிறமாக்குங்கள். அதன்மேல் நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் படும்படி மெதுவாக ஊற்றினால், நல்ல தண்ணீர் மேலே தனியாக நிற்பதைப் பிள்ளை பார்ப்பான். கடலோர மணலுக்கு அடியில் நடப்பதும் இதுதான். உப்புநீர் கனமானது, ஆகவே கீழே கிடக்கிறது. மழையால் ஊறிய நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. இப்போது குவளையின் மேற்பகுதி நீரை உறிஞ்சுகுழலால் மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க எடுக்க, நிறமுள்ள நீர் குழலின் வாயை நெருங்கும். கோடையில் ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் போட்டு இறைக்கும்போது கிணற்றுக்குள் நிகழ்வது அதுவே.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இதைக் கணக்காகவும் நடத்தலாம். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால், கடல்மட்டத்துக்குமேல் நிலத்தடி நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். அதையே திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு மீட்டரை நாம் இறைத்துவிட்டால் கீழே நாற்பது மீட்டரை இழக்கும் நிலை வருகிறது. மழைநீரை நிலத்துக்குள் ஊறவைக்கும் கடலோரக் குளங்களையும் தாழ்ந்த நிலங்களையும் மண்போட்டு மூடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி (மார்த்தாண்டம், பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்): உலக நீர் நாளில் ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறோம். போதுமா?

பதில்: நடத்துங்கள், ஆனால் போதாது. மார்ச் 22 அன்று மேடையில் பேசிய பிள்ளை இறங்கிவந்து கைகழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தால், மேடையில் கற்றதைவிடக் குழாயிடமே அதிகம் கற்றுக்கொள்ளும். போட்டிக்கு வாங்கும் பரிசுப் பொருளின் செலவில் பள்ளியிலுள்ள எல்லாக் குழாய்களுக்கும் வாஷர் மாற்றிவிடலாம். மாற்றுவதற்குமுன், சொட்டும் குழாயின்கீழ் பாட்டிலை வைத்து ஒரு மணி நேரத்தில் சேர்வதை அளக்கச் செய்யுங்கள்; கால் லிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 6 லிட்டர், ஆண்டுக்கு 2,190 லிட்டர்.

கேள்வி (பேச்சிப்பாறை பக்கம் பணியாற்றும் தலைமையாசிரியை): எங்கள் பிள்ளைகள் காட்டுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே வளர்கிறவர்கள். தண்ணீர்ப் பஞ்சம் என்ற பாடம் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

பதில்: பொருந்தாத பாடத்தை விட்டுவிடுங்கள், அம்மா. அவர்கள் ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்கள். கீழே இருப்பவர்களுக்கு எந்த நிறத்தில் தண்ணீர் போகிறது என்பதே அவர்களுடைய பாடம். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பெரியவர் ஒருவர் ஓடைநீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துவந்து, தேதி எழுதி வரிசையாக வைக்கட்டும். மறுநாள் அடியில் படிந்த மண்ணின் உயரத்தைப் பிள்ளைகள் அளப்பார்கள். அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையின் நீரையும், மரம் வெட்டி மண் திறந்துகிடக்கும் சரிவிலிருந்து வரும் நீரையும் அருகருகே வைத்தால், அணையில் ஏன் வண்டல் சேர்கிறது என்பதற்குப் பாடப்புத்தகம் தேவைப்படாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தின் எண்ணற்ற மரங்களைச் சாய்த்ததை வீட்டுப் பெரியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஓடைகள் எப்படி மாறின என்று பிள்ளைகளை அவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், இந்தப் பாடத்தில் அவர்களுடைய தாத்தா பாட்டிகளே ஆசிரியர்கள்; பள்ளிக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்): மாணவர்களைத் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். எதைக் காட்டலாம்? பாதுகாப்புக்கு என்ன செய்வது?

பதில்: பாதுகாப்பை முதலில் சொல்கிறேன். குளத்தில் மூழ்கி இறந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் துறை அனுமதியும் இல்லாமல் போக வேண்டாம். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் மறுகால் பாயும்போதும் போக வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளையும் நீரில் இறங்கக் கூடாது. தண்ணீர் மாதிரி எடுப்பது பெரியவரின் வேலை.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்டன. மாணவர்கள் பறவைகளைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள், பார்க்கட்டும். கூழைக்கடாவும் தாமரைக்கோழியும் நீர்க்காகமும் அவர்களை அங்கே நிறுத்திவைக்கும். பிறகு கரையில் நடத்திச் சென்று, தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக உள்ளே வருகிறது, மடை எங்கே, மறுகால் எங்கே, அந்த நீர் எந்த ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகிறது என்று நான்கு கேள்விகளுக்கு விடை தேடச் செய்யுங்கள். மூன்றாம் கேள்விவரை சொல்லிவிடுவார்கள். நான்காவதில், வயல் இருந்த இடத்தில் வீட்டுமனைக் கல் நட்டிருப்பதைப் பார்த்து அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை உடனே பேசிக் கலைத்துவிடாதீர்கள்.

கேள்வி (கருங்கல், தாய்): பள்ளியில் பிள்ளைகளை வைத்துக் குளத்துக் குப்பையை அள்ளச் சொன்னார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. தன் வகுப்பறையைக் கூட்டுவதும், தான் நட்ட செடிக்குக் கைகழுவிய நீரை ஊற்றுவதும் பிள்ளை செய்யலாம், செய்ய வேண்டும். குளத்திலுள்ள ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் கழிவையும் உடைந்த பாட்டிலையும் அள்ளுவது உள்ளாட்சியின் வேலை. பிள்ளைகள் கரையில் நின்று எந்தக் குப்பை எத்தனை என்று எண்ணட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்கள் அதில் எத்தனை என்று பிரித்து எழுதி, அந்தப் பட்டியலை உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்பட்டும்.

கேள்வி (அகஸ்தீஸ்வரம் வட்டம், பத்தாம் வகுப்பு மாணவி): சார், எங்கள் ஊர்க் குளத்தின் ஓரத்தில் இரவில் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். படித்ததை வைத்து நான் என்ன செய்ய முடியும்?

பதில்: முதலில் ஒன்று, மகளே: லாரியின் அருகில் போகவோ யாரிடமும் வாக்குவாதம் செய்யவோ வேண்டாம், பகலில், வீட்டுப் பெரியவரோடு மட்டும் போய்ப் பார். குளத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள். அது எந்த வகைப் புறம்போக்கு என்று வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வாரத்துக்கு ஒருமுறை தேதியோடு புகைப்படம் எடு. கரை எவ்வளவு உள்ளே நகர்ந்திருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டும். அவற்றை வகுப்பாசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டி, பெரியவர்களின் கையெழுத்தோடு மனு எழுதச் சொல். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அதைக் கொடுக்கலாம். நீர்வளத் துறைக்கு ஒரு நகல் அனுப்பலாம். உங்கள் ஊர் ஊராட்சியில் இருந்தால், மார்ச் 22 உட்பட ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடும் கிராம சபையில் உன் தந்தையோ தாயோ இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கலாம். மனுவில் கோபமான சொற்கள் வேண்டாம். சர்வே எண், தேதி, படம், அந்தக் குளத்து நீரை நம்பியிருக்கும் கிணறுகளின் எண்ணிக்கை ஆகியவை போதும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.