பிரிட்டன் ஊர்களின் பழைய புகைப்படங்களில் உங்களால் மறக்கவே முடியாத படம் எது?

டெர்வென்ட் என்ற கிராமத்தின் பழைய தபால் அட்டை ஒன்று. அந்தப் படத்துக்குள் வராமல் போன ஒரு வீட்டினால்தான் அது என் மனதில் நின்றுவிட்டது.

நான் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. எங்கள் இல்லத்தில் புதன்கிழமை மதியம் பழைய படங்களை எடுத்து மேசையில் பரப்பி எல்லோரையும் சுற்றி உட்கார வைப்போம். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவர்கள்கூட ஒரு கடைத்தெருப் படத்தைப் பார்த்தால், இது ரொட்டிக் கடை, இது இறைச்சிக் கடை, அதற்கு அடுத்தது செருப்புத் தைக்கிற இடம் என்று வரிசையாகச் சொல்வார்கள். படங்களை நாங்கள் பழைய சாமான் சந்தையில் வாங்குவோம். ஷூ பெட்டி நிறைய அட்டைகள், பெரும்பாலும் டார்பிஷயர், யார்க்‌ஷயர் ஊர்கள்.

2017-இல் ஒரு புதன்கிழமை அந்தப் பெட்டியிலிருந்து டெர்வென்ட் அட்டை வெளியே வந்தது. ஒடுக்கமான கல்பாலம், ஆறு, பின்னால் சர்ச் கோபுரம். கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் ஊரின் பெயரும் ஒரு எண்ணும். அதைக் கையில் வாங்கிய பாட்டிக்கு அப்போது 87 வயது. (இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு ஆரம்பத்தில் வாயே வரவில்லை. எழுதும்போதாவது பாட்டி என்றே எழுதிக்கொள்கிறேன்.) அவர் அட்டையை மேசையில் வைத்து, பாலத்தின் மேல் விரலை வைத்து, அப்படியே வலது பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். விரல் அட்டையின் விளிம்பைத் தாண்டி மேசைப் பலகையில் இரண்டு அங்குலம் போய் நின்றது. "எங்கள் வீடு இங்கே, டக்" என்றார். டார்பிஷயர்க்காரர்கள் நாம் கண்ணு, ராசா என்று கூப்பிடுவதுபோல 'டக்' என்று கூப்பிடுவார்கள்.

புகைப்படக்காரர் கேமராவைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பியிருந்தால் அந்த வீடு விழுந்திருக்கும். பாட்டியிடமோ அவர் குடும்பத்திடமோ அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை.

டெர்வென்ட் இப்போது லேடிபவர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. ஷெஃபீல்ட், டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களுக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் 1901 முதல் 1916 வரை ஹவ்டன், டெர்வென்ட் என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். அது போதவில்லை. 1935-இல் கீழே லேடிபவர் அணை வேலை தொடங்கியது. 1943-இல் கட்டி முடித்துத் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள், 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்கள் உள்ளே போயின. கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்து பேம்ஃபர்ட் ஊர் சர்ச்சில் மறுபடி அடக்கம் செய்தார்கள். வீடு இழந்தவர்களுக்கு அணைக்குக் கீழே யார்க்‌ஷயர் பிரிட்ஜ் என்ற இடத்தில் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பாட்டியின் குடும்பமும் அங்கேதான் போனது. கல்யாணமாகி ஷெஃபீல்ட் வந்த பிறகு, கரண்டி, முள்கரண்டிக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை. பழுப்புக் காகிதத்தைக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியாக வீட்டுக்கு வருவாராம். அது தனிக் கதை.

சர்ச்சை மட்டும் உடனே இடிக்கவில்லை. 1943-இல் கடைசி ஆராதனை நடந்தது. கட்டடத்தை இடித்துவிட்டுக் கோபுரத்தை ஒரு நினைவுச் சின்னமாக விட்டுவைத்தார்கள். தண்ணீருக்கு நடுவே தனியாகக் கோபுரம் மட்டும் நிற்கும் படங்களை நீங்கள் இணையத்தில் பார்த்திருக்கலாம். தண்ணீர் குறையும்போது ஆட்கள் அதுவரை நீந்திப் போக ஆரம்பித்தார்கள், ஆபத்து என்று 1947 டிசம்பர் 15 அன்று வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பாட்டிக்கு அப்போது 17 வயது. சத்தம் கேட்டதா என்று கேட்டேன். அன்று கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாராம், அவருடைய அம்மா வானொலியைச் சத்தமாக வைத்தாராம்.

அணையில் தண்ணீர் வற்றினால் சர்ச் கோபுரம் தெரியும் என்று இன்றைக்கும் நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்தப் படங்கள் செய்த வேலை அது. கோபுரம் போய் 70 வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் நேரில் பார்த்ததாகவே சத்தியம் செய்கிற ஆட்களை நான் சந்தித்திருக்கிறேன். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை. சின்ன வயதில் பார்த்த ஒரு படம் கண்ணால் கண்ட காட்சிபோல மனதில் உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி அட்டைகள் இவ்வளவு கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தனியார் அச்சடித்த பட அட்டைகளை அரைப் பென்னி தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்று 1894-இல் அனுமதி கிடைத்தது. 1902-இல் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் முகவரி, மறுபாதியில் செய்தி எழுதலாம் என்றார்கள். அதனால் முன்பக்கம் முழுக்கப் படத்துக்கே கிடைத்தது. அதன் பிறகு குக்கிராமத்தின் மளிகைக் கடையில்கூட அந்த ஊர் அட்டை விற்றது. பிரான்சிஸ் ஃபிரித் என்பவர் லிவர்பூலில் மளிகை மொத்த வியாபாரம் செய்து பணம் சேர்த்து, அதை விற்றுவிட்டு, 1850-களில் எகிப்துவரை கேமராவோடு போய்வந்தவர். திரும்பி வந்து ரைகேட் ஊரில் ஒரு நிறுவனம் தொடங்கி, பிரிட்டனின் ஊர்களையெல்லாம் படமெடுப்பது என்று கிளம்பிவிட்டார். அவர் 1898-இல் இறந்த பிறகும் 1971 வரை அந்த நிறுவனம் ஓடியது. சுமார் 7,000 ஊர்களின் படங்கள் அதில் இருக்கின்றன. அந்த நாட்டு ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனாலும் விற்பனைக்கான அட்டை என்றால் பாலம், சர்ச், பெரிய மாளிகை, கடைத்தெரு. டெர்வென்ட்டில் 1672-இல் கட்டிய டெர்வென்ட் ஹால் என்ற மாளிகைக்கு எத்தனையோ படங்கள் உண்டு. தொழிலாளி வீட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்தத் தலைமுறைக்கு இன்னொரு இழப்பும் இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் அத்தனையும் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. நடுவில் இருப்பது 1939-இல் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு மட்டும்தான். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எங்கே படுத்தார்கள், வாசலில் என்ன வளர்ந்தது என்று தெரிய வேண்டுமென்றால் பாட்டி மாதிரி ஒருவர் சொன்னால்தான் உண்டு.

அதனால் நான் எழுத ஆரம்பித்தேன். தேநீர் கொடுக்கும்போது ஒரு கேள்வி, துணி மடிக்கும்போது ஒரு கேள்வி. திங்கட்கிழமை துணி வெளுக்கிற நாள், செம்புக் கொப்பரையில் வெந்நீர் காய்ச்சுவார்கள், அப்போது சுவரெல்லாம் வியர்க்கும். அப்பா ஆற்றோரத்தில் முயல் பிடித்தால் வாசல் கம்பத்தில் தொங்கவிடுவார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் குட்டையாக இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் மேல் நடக்கக் கூடாது என்று அடி வாங்கியிருக்கிறார். அந்தப் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, பள்ளத்தாக்கின் மேலே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் 1959-இல் மறுபடி கட்டினார்கள். நான் போய் நின்று பார்த்தேன். சுவர் குட்டைதான், என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

சர்ச் மணியும் தப்பித்தது. அது டார்பியில் சாடெஸ்டன் பகுதியிலுள்ள புனித ஃபிலிப் சர்ச்சில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஓடிப் போய்ச் சொன்னேன். பாட்டி நம்பவில்லை. மணி உருக்கப்பட்டுவிட்டது என்றே அவர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். சாயங்காலம் படுக்கையைச் சரி செய்யப் போனபோது, "இன்னும் அடிக்கிறார்களா?" என்று கேட்டார்.

2018 கோடையில் மழை பொய்த்து நீர்த்தேக்கம் இறங்கியது. டெர்வென்ட் ஹாலின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. செய்தியில் வந்ததும் கூட்டம் அள்ளியது. நானும் விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போனேன். வெடித்துக் காய்ந்த சேறு, அதன் நடுவே கற்குவியல், சுவரின் அடிப்பகுதி. எல்லோரும் எடுத்த அதே படத்தை நானும் எடுத்துக்கொண்டு வந்து டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினேன். பாட்டி பொறுமையாகப் பார்த்தார். "அது பெரிய வீட்டுக்காரர்களுடையது. எங்கள் வாசல் கம்பத்தைப் பார்த்தாயா?" என்றார். இரண்டு கல் கம்பங்கள், இடது கம்பத்தில் கேட் கொக்கி மாட்டுகிற இரும்பு வளையம் இருக்கும் என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வருஷமாக அவர் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தவன், போன இடத்தில் மாளிகையைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய அளவு வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய வரைபடத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்களிடம் பழைய ஊர்ப் படம் ஏதாவது இருந்தால் முதலில் அங்கே போங்கள், படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பதைக்கூடப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சரி, அதில் பாலத்தையும் பாதையையும் குறித்துக்கொண்டு, சேறு தாங்குகிற கரையோரமாகவே நடந்தேன். கண்ணில் பட்ட கல் கம்பங்களையெல்லாம் எடுத்தேன், மொத்தம் 14 படம். பிரிண்ட் போட்டு மேசையில் பரப்பினேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, ஒன்பதாவதை எடுத்து வைத்துக்கொண்டார். அதில் கம்பம் ஒன்றுதான் இருந்தது. வளையம் இல்லை, அது இருந்த இடத்தில் துரு வழிந்த கோடு மட்டும் இருந்தது. மீதியைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தோம். பழைய அட்டையை நடுவில் வைத்து, வலது பக்கம் அந்தக் கம்பத்தின் படத்தை, அவர் விரல் காட்டிய அதே தூரத்தில் ஒட்டினோம். நடுவில் உள்ள வெள்ளைத் தாளில் அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன்: படி, சன்னல், கொப்பரை வைத்த பின்கட்டு, அப்பா முயல் மாட்டுகிற ஆணி. எனக்கு வரையத் தெரியாது. சன்னலை மூன்று தடவை அழிக்கச் சொன்னார்.

பாட்டி 2021-இல் போய்விட்டார். பேத்தி சாமான்களை எடுக்க வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையப் படங்கள் இருந்தன. பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, யார் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நானும் அவரும் தரையில் உட்கார்ந்து என் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தெரிந்தவற்றுக்கு மட்டும் பின்னால் பென்சிலால் எழுதினோம். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். 43 படங்களில் 11-க்கு எழுத முடிந்தது. நாங்கள் ஒட்டிய தாளைப் பேத்தி சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டார், டின்னுக்குள் போடவில்லை.