அப்பாவின் ராணுவப் பதிவில் பதக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன, இத்தனை வருடம் கழித்துத் திருத்த முடியுமா?

முடியும். என் அப்பாவுக்கு ஒன்றே முக்கால் வருடம் அலைந்து திருத்தி வாங்கினோம். உங்கள் அப்பாவின் சிஜிலில், அதாவது ராணுவச் சேவைச் சான்றிதழில், இரண்டு பதக்கங்கள் இல்லை, அவருக்கோ ஞாபகம் தடுமாறுகிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் தொடங்கியது தவறான இடத்தில். அதனால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களுக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான். இரண்டு நாளில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க, மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. அப்பாவுக்கு அப்போது 12 வயது. 1954-ல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலைக்குப் போகாமல் ராணுவத்தில் சேர்ந்தார். 1961-ல் ஐ.நா. படையோடு காங்கோ போனார். 1966-ல் ராணுவத்தை விட்டு வந்துவிட்டார். சிப்பாய்களுக்கு 21 வருடச் சேவை இருந்தால்தான் பென்ஷன் என்பதால் அவருக்குப் பென்ஷன் கிடையாது. பதக்கம் பதிவில் ஏறினாலும் அது மாறாது. பணம் வரும் என்று வீட்டில் யாராவது எதிர்பார்த்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் அப்பாவின் சிஜிலிலும் இரண்டு பதக்கங்கள் இல்லை. ஒன்று, ரிப்பன் மேல் மலாயா என்று எழுதிய உலோகப் பட்டையோடு கூடிய பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம். இன்னொன்று, காங்கோவுக்கான ஐ.நா. பதக்கம். இரண்டும் அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. பதக்கமே கையில் இருக்கிறதே, காட்டினால் போதும் என்று நினைத்தோம். அதுதான் நாங்கள் செய்த தவறு. முதலில் போன கவுண்டரில், இதைப் பழைய சாமான் கடையிலும் வாங்கலாமே என்றார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் திரும்பும்போது டின்னை மடியில் வைத்து மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அப்புறம்தான் இரண்டு பதக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. பிரிட்டிஷ் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக் கோடு உள்ளது அது. எங்கள் அம்மா வருடா வருடம் தீபாவளிக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்துகள் மழுங்கிவிட்டன. முகப் பவுடரைத் தடவித் துணியால் மெல்லத் துடைத்தேன். பள்ளத்தில் தங்கிய பவுடரில் எண் வெள்ளையாகத் தெரிந்தது. உங்களிடம் அந்தப் பதக்கம் இருந்தால் தயவுசெய்து புளியும் பாலிஷும் வேண்டாம். ஐ.நா. பதக்கம் அப்படியில்லை. வெண்கலம். பின்னால் அமைதிப் பணி என்ற பொருளில் ஆங்கில வாசகம், அவ்வளவுதான். அப்பாவிடம் இருந்ததில் பெயரே கிடையாது. ஆரம்பத்தில் கொடுத்ததில் காங்கோ என்று ஒரு சின்னப் பட்டை ரிப்பன் மேல் இருக்கும். 1963-க்குப் பிறகு காங்கோவுக்கென்றே தனி ரிப்பன் வந்தது. அதில் நடுவில் பச்சை.

விளிம்பைப் படித்தபோதுதான் சிக்கல் எங்கே என்று தெரிந்தது. அப்பா பெயர் சாமி என்று முடியும். விளிம்பில் கடைசி எழுத்து ஆங்கில ஐ, ஐ.சி. என்ற அடையாள அட்டையில் ஒய். காங்கோ போன சமயத்துத் தாளில் 'வாமி' என்று வேறு அடித்திருந்தார்கள். இன்னார் மகன் என்பதற்கு ஓரிடத்தில் ஆங்கிலத்தில் எஸ்/ஓ, இன்னோரிடத்தில் மலாயில் ஏ/எல். நாங்கள் ஐ.சி.யில் உள்ளபடி பெயர் போட்டு எழுதிய கடிதத்துக்கெல்லாம் அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் வந்தது. எண்ணை முதல் வரியில் போட்டு எழுதினோம், கோப்பு கிடைத்துவிட்டது. பெயர் இப்படி மாறிப்போவது நம் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் நடந்ததுதான். தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதினார், அதுவே பதிவாகிவிட்டது.

சரி, நிரூபிக்க வேண்டியது எதை? உங்கள் அப்பாவின் வீரத்தை அல்ல. வீரப் பதக்கம் என்றால் மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும், அது வேறு வழி. சேவைப் பதக்கத்துக்கு இந்த எண் உடையவர் இந்த இடத்தில் இத்தனை நாள் இருந்தார் என்பது போதும். மலாயா பட்டைக்குக் கணக்கு 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை. காங்கோவுக்கு 90 நாள். இடமாற்றம், பதவி உயர்வு, பதக்கம் எல்லாம் படைப்பிரிவின் 'பார்ட் டூ' உத்தரவில் ஏறி, அங்கிருந்துதான் தனிக்கோப்புக்குப் போகும். அந்த உத்தரவில் பெயர் மாறியிருந்தால் கோப்பிலும் ஏறாது. அதனால் கடிதத்தில் அந்த வருடத்து 'பார்ட் டூ' உத்தரவைப் பார்க்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது காங்கோவிலிருந்து பாட்டிக்கு அப்பா எழுதிய கடிதங்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கிராணி படித்துக் காட்டுவார், பாட்டி உறையோடு மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிடுவார். ஒரு உறையில் 1961 மார்ச் 9 முத்திரை, இன்னொன்றில் ஆகஸ்ட் 2. இடையில் 146 நாள். இரண்டிலும் அனுப்புநர் இடத்தில் அப்பாவின் எண். நீலத் தொப்பியோடு நிற்கும் படத்தைவிட அந்த இரண்டு உறைகள்தான் எடுபட்டன. உங்கள் வீட்டிலும் உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடிதத்தைவிட உறைதான் முக்கியம்.

எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அப்பா பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், முன்னால் சத்தியம் செய்து ஒரு சூராட் அக்குவான், அதாவது உறுதிமொழிப் பத்திரம், கொடுத்தார். கூடக் காங்கோ போன நண்பர் தைப்பிங்கில் இருக்கிறார், அவரும் ஒன்று கொடுத்தார். இதை இந்த மாதமே செய்யுங்கள். உங்கள் அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரம் போதும். அவர் காலத்துக்குப் பிறகு நீங்கள் வாரிசு என்று காட்ட இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புப் பத்திரம் எல்லாம் வேண்டும். அதில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ, மறுபடியும் அதே பாடு.

மனுவை ஈப்போவில் ஜே.எச்.இ.வி. அலுவலகத்தில், முன்னாள் வீரர்களுக்கான துறை அது, நேரில் கொடுத்து நகலில் ரசீது முத்திரை வாங்குங்கள். அசலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

திருத்திய தாள் வந்த அன்று அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் படித்தார். அந்த வருடம் ஜூலை 31, வீரர்கள் தினமான ஹரி பஹ்லவானுக்கு இரண்டையும் சட்டையில் குத்திக்கொண்டார். இப்போது அவருக்கு 89 வயது.

உங்கள் அப்பாவின் எண் கிடைத்ததும் சொல்லுங்கள். மனுவை மலாயில் எழுத நான் உதவுகிறேன்.