குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல்: அக்கா பதில்கள்

என் ஜீவனாம்ச வழக்கை மூன்று வருஷம் நானே நடத்தினேன். கேட்டவர்களுக்கு, பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வக்கீல் இல்லாமல் போனால் மனுவையே வாங்க மாட்டார்களாமே?

பதில்: வாங்கித்தான் ஆக வேண்டும். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம், 13-ஆவது பிரிவைப் பாருங்கள். இங்கே வக்கீல் வைப்பது உரிமை இல்லை, நீதிபதி அனுமதித்தால்தான். குறை சொல்லி மனுவைத் திருப்பினால் மனம் உடையாதீர்கள். வக்கீல்கள் போடும் மனுவும் திரும்பி வரும். குறையைச் சரிசெய்து மறுபடி கொடுங்கள்.

கேள்வி: கணவர் சம்பளத்தை மறைக்கிறார். என்ன செய்ய?

பதில்: ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அவர் தருவதை வரி வரியாகப் படியுங்கள். என் வழக்கில் மாதச் சம்பளம் 12,000 என்று எழுதியிருந்தார். அவரே இணைத்த வங்கிக் கணக்கில் கார் தவணை மட்டும் 9,400. அந்த வரிகளில் மஞ்சள் மை தீட்டி, பக்க எண்ணைச் சொல்லி நீட்டினேன். "மீதி 2,600-இல் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று நீதிபதியே கேட்டார். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் உங்கள் பத்திரமும் அதே அளவுக்குச் சுத்தமாக இருக்கணும். டியூஷன் வருமானம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: வாய்தாவுக்குப் போகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது அக்கா, நான் இல்லாமலே முடிவு சொல்லிவிட்டார்கள்.

பதில்: தம்பி, ஜீவனாம்ச உத்தரவு என்றால் மூன்று மாதத்துக்குள், விவாகரத்துத் தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள், ரத்து செய்யக் கோரி மனு போடலாம். வராததற்குக் காரணமும் அதற்கான ஆதாரமும் வேண்டும். இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

கேள்வி: குறுக்கு விசாரணையை நினைத்தாலே கை நடுங்குகிறது.

பதில்: எனக்கும் நடுங்கியது. வீம்புக்கு நானே செய்து, கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், 15100-க்குக் கூப்பிடுங்கள். வழக்கு முழுக்க நீங்களே நின்றாலும், இந்தக் கட்டத்துக்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேள்விகளைக் காட்டிவிடுங்கள் அம்மா.

கேள்வி: தீர்ப்பு நகலுக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: இலவசம். அப்புறம், மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், தீர்ப்புத் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.