உங்கள் ஆர் தொகுப்பைக் கிரானுக்கு எப்போது அனுப்பலாம்?

கேள்வி: நான் வேளாண் புள்ளியியல் ஆய்வு மாணவன். நெல் ரகச் சோதனைத் தரவுகளை அலச, ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழியில் நான் எழுதிய செயற்கூறுகளைத் துறையில் பலர் கேட்டு வாங்குகிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பி அனுப்பி, இப்போது ஆளுக்கொரு பதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆர் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான கிரானில் ஏற்றிவிடலாமா?

பதில்: அவற்றைத் தொகுப்பாக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். கிரானுக்கு அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

முதலில் கிரானில் இருக்கும் ‘அக்ரிகோலே’ தொகுப்பைப் பாருங்கள். பெரு நாட்டின் பெலிப்பே டி மெண்டிபுரு எழுதியது. களச் சோதனை வடிவமைப்பு, சராசரி ஒப்பீடு போன்றவற்றை அதுவே செய்துவிடும். அதில் இல்லாததை மட்டும் உங்கள் தொகுப்பில் வையுங்கள். தனி ஒருவரால் பல ஆண்டுகள் பராமரிக்க முடிவது சிறிய தொகுப்பைத்தான்.

பிறகு அதை நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பு எண் கொடுங்கள். ஆர் தொகுப்புகளை வெளியிடும் இன்னொரு தளமான ஆர்-யூனிவர்ஸிலும் பதிந்துவிட்டால் நண்பர்கள் வழக்கமான கட்டளையிலேயே நிறுவிக்கொள்ளலாம். உங்கள் பதிப்புக் குழப்பம் இத்துடன் தீர்ந்துவிடும்.

கிரான் 1997இல் வியன்னாவில் கர்ட் ஹோர்னிக், ஃபிரிட்ரிக் லைஷ் இருவரும் தொடங்கியது. இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் நடக்கிறது. அவர்கள் நேரத்தை மதிக்க வேண்டும். அங்கே ஏற்றிய தொகுப்பைத் தொடர்ந்து சோதிப்பார்கள். ஆர் மொழியின் புதிய பதிப்பில் அது பழுதானால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் தொகுப்பு காப்பகத்துக்குப் போய்விடும்; பிறகு வழக்கமான முறையில் நிறுவ முடியாது. அதை நம்பி எழுதப்பட்ட பிற தொகுப்புகளும் தவிக்கும்.

அதனால், தொகுப்பின் விவரங்களைத் தாங்கும் டிஸ்கிரிப்ஷன் கோப்பில் கல்லூரி மின்னஞ்சலைத் தராதீர்கள். படிப்பு முடிந்து அந்த முகவரி மூடப்பட்டால் எச்சரிக்கை உங்களை எட்டாது. பராமரிப்பாளரின் முகவரி மாறும்போது, முடிந்தால் பழைய முகவரியிலிருந்தே உறுதி செய்யச் சொல்வார்கள், அதுவும் நடக்காது. நிலையான சொந்த முகவரியைக் கொடுங்கள். பொறுப்பைப் பகிர இன்னொருவரையும் இப்போதே பழக்குங்கள்.

செயற்கூறுகளின் பெயர்களை மாற்றத் தோன்றாத அளவுக்கு அவை நிலைபெற்ற பிறகு அனுப்புங்கள். அதற்கு முன் தொகுப்பில் பிழை உள்ளதா என்று பார்க்கும் ‘ஆர் சிஎம்டி செக்’ சோதனையை, ஆரின் இன்னும் வெளிவராத வளர்ச்சிப் பதிப்பிலும் ஓட்டிப் பாருங்கள்; பிழையோ எச்சரிக்கையோ ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஏற்றிய பின் ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் புதுப்பிக்க வேண்டாம்.

எடுத்துக்காட்டுத் தரவுக்கு, ஆய்வு நிலையத்தின் அனுமதி பெறாத விளைச்சல் புள்ளிவிவரங்களைச் சேர்க்காதீர்கள். கற்பனை எண்களால் ஆன சிறு அட்டவணை ஒன்றே போதும்.