தாம்பரத்தின் உட்பகுதியில் சொந்த வாகனம் இல்லாமல் பேருந்தை மட்டும் நம்பிக் குடியிருக்க இயலுமா?

இயலும். பத்தொன்பது ஆண்டுகளாக மாடம்பாக்கத்தில் அப்படித்தான் குடியிருக்கிறேன். நீங்கள் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும், 'ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிடம்' என்று தரகர் சொல்லியிருப்பார் என்றும் ஊகிக்கிறேன். அது அவருடைய பைக்கின் கணக்கு.

தாம்பரத்திலிருந்து தொலைவாகப் போவது எளிது. மின்சார ரயில் இருக்கிறது. வேளச்சேரி சாலையில் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் ஓடிக்கொண்டே இருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி உள்ளே திரும்பிய பிறகுதான் சிக்கல். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சியை உருவாக்கியபோது மாடம்பாக்கமும் அதில் சேர்ந்தது. வரி ரசீதின் தலைப்பு மாறியது. முனையில் காத்து நிற்பது மாறவில்லை.

ஓர் ஐப்பசி இரவு, தணிக்கை வேலை நீண்டதால் ஒன்பதரைக்குத்தான் முனைக்கு வந்து சேர்ந்தேன். வழக்கமாக ஏழு மணிக்கே திரும்பிவிடுபவளாதலால் உள்ளே போக வண்டி வரும் என்றே நம்பி நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. ஷேர் ஆட்டோக்காரர், நான்கு பேர் சேர்ந்தால்தான் உள்ளே வருவேன் என்றார். நானும், பணி முடித்து வந்த ஒரு செவிலியரும் ஆக இரண்டு பேர்தான் இருந்தோம். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண் கைப்பேசி விளக்கைப் பிடித்து முன்னே நடக்க, நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் பின்னே நடந்தேன். கூட்டம் இல்லாவிட்டால் வண்டியின் கடைசி நடை (டிரிப்) ஓடாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதை மறுநாள்தான் அறிந்தேன். அது எவருடைய வண்டி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஓட்டுநரையும் நடத்துநரையும் குறை சொல்லவும் இல்லை, நடைகளை வகுப்பவர்கள் அவர்கள் அல்லர்.

'கார் வாங்க வேண்டியதுதானே' என்று சொல்ல வருபவர்களுக்கு: எனக்குக் கண்பார்வைக் குறை உண்டு, ஓட்ட முடியாது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது முதல், எங்கள் உறவினர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'ஓசி பஸ்ஸா?' என்று கேட்டுச் சிரிக்கிறார். அவர் கார் நிற்பது பொதுச் சாலையில், ஒரு காசு கொடுக்காமல்.

உட்பகுதிக்கு எவரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1997இன் மினி பஸ் திட்டம் பேருந்து இல்லாத 16 கிலோமீட்டரோடு, ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலையில் 4 கிலோமீட்டர் மட்டுமே அனுமதித்தது. பயணிகள் மிகுந்த சாலையில் அவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் மொத்தத் தூரம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் 65 விழுக்காடாவது பேருந்து இல்லாத வழியாக இருக்க வேண்டும். சென்னையில் 2013இலேயே மாநகரச் சிற்றுந்துகளும் வந்துவிட்டன. இவையெல்லாம் பகலுக்குப் பெரிய உதவி.

ஆகவே எத்தனை பேருந்துகள் என்று கேட்காதீர்கள். கடைசி நடை எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அது உண்டா என்று கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அந்த முனையில் நின்று பாருங்கள். அங்குள்ள தேநீர்க் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். கடைசி வண்டி போன பிறகுதான் அவர் கடையை அடைப்பார்.