சர்வசித்து வருடத்துப் புத்தகம்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டைச் சுத்தம் செய்தபோது, இரண்டாம் கட்டு அறையில் ஒரு மரப்பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் கிடைத்தன. ஒன்றின் முகப்பில் ‘சர்வசித்து௵ மாசி௴’ என்று இருக்கிறது; ஆங்கில ஆண்டு இல்லை. பக்க எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் இதுவும் ஒன்றாக இருக்குமா? பழம்பொருள் வியாபாரி பெட்டியோடு கேட்கிறார். கொடுத்துவிடலாமா, பைண்டிங் செய்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் புத்தகங்களில் ஒன்றாக இருக்காது. தமிழ் எழுத்தில் அச்சானவற்றில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது 1578இல் கொல்லத்தில் அன்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம். அதன் பிரதி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1554இல், லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது. ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. பிறகு தரங்கம்பாடி. ஜெர்மனியிலிருந்து அங்கே வந்திறங்கிய தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை அங்கிருந்த மிஷனரிகள் உருக்கினார்கள். 1715இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அந்தக் காலத்துப் புத்தகம் செட்டிநாட்டுப் பெட்டகத்தில் கிடைப்பது குதிரைக்குக் கொம்பு முளைத்த கதைதான்.

சரி, உங்கள் புத்தகத்துக்கு வருவோம். முகப்பிலுள்ள ௵ என்பது வருடத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் குறி. சர்வசித்து அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது: 1827, 1887, 1947. மாசி என்று இருப்பதால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சித்திரையில் பிறக்கும் தமிழ் வருடத்தின் மாசி அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும். ஆக 1828, 1888, 1948 ஆகிய மூன்றில் ஒன்று. பலரும் தடுக்கி விழுவது இந்த மாசியில்தான்.

இந்த மூன்றில் எது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. 1948இல் பக்க எண்ணைத் தமிழில் போட்ட அச்சகம் அபூர்வம். எஞ்சிய இரண்டில் தாள் சாட்சி சொல்கிறது. பழுப்பேறி உதிர்வது மிகப் பழமையின் அடையாளம் என்று நினைக்கிறோம், நேர்மாறு. கந்தல் துணியிலிருந்து செய்த பழைய தாள் இருநூறு ஆண்டானாலும் துணிபோல் வளைந்து கொடுக்கும். மரக்கூழ்த் தாள் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதிலுள்ள அமிலம் அதையே அரிக்கிறது. எனவே 1888 என்பதே என் கணிப்பு. இன்னொன்றும் பாருங்கள்: 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் புத்தகத்தில் போடக் கட்டாயப்படுத்தியது. முகப்பின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ அது இருந்தால் கணிப்பு இன்னும் உறுதியாகும். எங்காவது ‘௲௮௱௮௰௮’ என்று கண்ணில் பட்டால் பேச்சே இல்லை; ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு என்பதை ஓலையில் எழுதும் முறையிலேயே அச்சுக் கோத்திருக்கிறார்கள்.

அச்சு வந்ததும் ஓலை ஒழிந்துவிடவில்லை. அதன் பழக்கமெல்லாம் தாளுக்குக் குடிவந்தது. சுவடியில் எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். ஈய எழுத்துக்கு அந்தப் பயம் இல்லை, ஆனாலும் ‘தம்பிரான் வணக்க’த்தில் புள்ளி கிடையாது. நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து பிறர் பாடும் சிறப்புப் பாயிரம் சுவடியில் இருந்தது; பழைய புத்தகங்களில் அதுவே பக்கம் பக்கமாகச் சாற்றுகவியானது. இன்று நாம் நண்பர்களிடம் அணிந்துரை கேட்டு அலைவதும் அதே வழக்கம்தான், வெண்பா மட்டும் போய்விட்டது.

பைண்டிங் வேண்டாம். ஓரத்தை வெட்டிச் சமன் செய்துவிடுவார்கள். விளிம்பில் உங்கள் ஐயா எழுதிய குறிப்பும் சேர்ந்து போகும். லேமினேஷன், செல்லோ டேப் இரண்டும் ஆகாது. ஓலைக்குப் பூசும் எலுமிச்சம்புல் எண்ணெயைத் தாளுக்குப் பூசாதீர்கள், கறைதான் மிஞ்சும். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, வெளுத்த பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். கரையான் வருவது அங்கிருந்துதான். வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், தாள்மேல் தூவ வேண்டாம்.

விற்பது உங்கள் உரிமை. ஆனால் பெட்டியோடு விற்காதீர்கள். பெட்டிக்காகத்தான் அவர் வருகிறார் என்பது என் சந்தேகம். தேக்குக்கு விலை உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா வாழ்ந்தார். அவர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே விசாரித்தால் உங்களிடம் உள்ளவற்றில் எது அவர்களிடம் இல்லை என்று தெரியும். பெரிய புராணமும் கம்பராமாயணமும் அநேகமாக இருக்கும். பெட்டியின் அடியில் கிடக்கும் ஊர்க் கோயில் பதிகம், கல்யாண வாழ்த்துமடல், பர்மாவில் அச்சான துண்டுப் பிரசுரம் போன்றவைதான் அபூர்வம். மட்டமான தாள் என்று அவற்றைக் கழித்துவிடாதீர்கள்.

கொடுக்கும் முன், ஒவ்வொரு புத்தகத்தின் முகப்பையும் முதல் சில பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பல பதிப்பாசிரியர்கள் முன்கூட்டியே கையொப்பம், அதாவது சந்தா, வாங்கி அந்தப் பணத்தில்தான் அச்சிட்டார்கள். 1887இல் உ.வே.சாமிநாதையரின் சீவகசிந்தாமணியும் அப்படித்தான் வந்தது. சில நூல்களில் கையொப்பக்காரர் பெயர்கள் ஊர்வாரியாக இருக்கும். கானாடுகாத்தான் என்ற தலைப்பின்கீழ் உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வியாபாரிக்குப் பதில் சொல்லுங்கள்.