80 சதவீத அடைப்பு என்றால் உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை இல்லை. ஒரு வருடமாக வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நெஞ்சில் இறுக்கம் வருகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. ஆஞ்சியோவில் இதயத்தின் ஒரு ரத்தக் குழாயில் 80, இன்னொன்றில் 70 சதவீத அடைப்பு. ஒரு டாக்டர் உடனே ஸ்டென்ட், அதாவது குழாயை விரித்துவைக்கும் சிறு கம்பிவலை, வைக்கச் சொல்ல, இன்னொருவர் மாத்திரையிலேயே பார்க்கலாம் என்கிறாராம். "மாத்திரையை நம்பி இருந்து திடீரென்று அட்டாக் வந்துவிட்டால்?" என்று கேட்கிறார்.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கடைசிக் கேள்விதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எவ்வளவு நடந்தால் வலி வரும், எப்போது போகும் என்று அப்பாவுக்கே தெரிகிறது, பல மாதமாக அது மாறவும் இல்லை. இதை நிலையான நெஞ்சுவலி என்கிறோம். இந்த வகை வலிக்கு மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களையும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களையும் 2007-ல் வெளிவந்த கரேஜ் ஆய்வு ஒப்பிட்டது. மொத்தம் 2,287 பேர். நாலரை ஆண்டுக்கு மேல் கவனித்ததில் மரணமோ மாரடைப்போ ஏற்பட்டது ஒரு பக்கம் 19 சதவீதம், மறுபக்கம் 18.5 சதவீதம், அதாவது வித்தியாசமே இல்லை. 2020-ல் வந்த இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர், பைபாஸ் செய்துகொண்டவர்களும் அதில் உண்டு. அங்கேயும் மூன்று ஆண்டுக்கு மேல் பார்த்து இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

இது எப்படி என்று எல்லோருமே கேட்பார்கள், ஏனென்றால் இதயக் குழாயை வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், அடைப்பை எடுத்தால் சரியாகிவிடும் என்று. ஆனால் மாரடைப்பு பெரும்பாலும், குறுகிக்கொண்டே போன குழாய் ஒருநாள் முழுதாக மூடிக்கொள்வதால் வருவதில்லை. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது, அந்த இடம் ஆஞ்சியோவில் 40 சதவீதமாகத் தெரிந்த, யாருமே கண்டுகொள்ளாத இடமாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் சரிசெய்வது ஒன்றிரண்டு அங்குலத்தை. கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் எல்லாக் குழாயிலும் வேலை செய்கின்றன.

அதற்காக ஸ்டென்ட் வீண் என்று நான் சொல்லவே இல்லை. வலியைக் குறைப்பதில் அது உண்மையாகவே உதவுகிறது, வாரம் தவறாமல் வலி வருபவர்களுக்குக் கூடுதலாக. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் அப்பாவால் தெருமுனைக் கடைக்குப் போய்வர முடியவில்லை என்றால் தயங்காமல் வையுங்கள். வலி குறையும் என்பதற்காக வையுங்கள், உயிர் பயத்தில் அவசரப்பட்டு வேண்டாம்.

ஆனால் சிலருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. இதயத்தின் இடதுபக்க முதன்மைக் குழாயில், டாக்டர்கள் லெஃப்ட் மெயின் என்பார்களே அதில், பெரிய அடைப்பு இருந்தாலோ, பல குழாய் அடைப்போடு எக்கோவில் பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ பைபாஸ் ஆயுளையே நீட்டும். இவர்களை இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. சர்க்கரையோடு பல குழாயிலும் அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸ் மேல். 2012-ல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. அதனால் அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து பம்பிங் எவ்வளவு என்று பாருங்கள், லெஃப்ட் மெயின் நன்றாக இருக்கிறதா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இரண்டும் சரி என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது.

மாத்திரை வைத்தியம் என்றால் பெயருக்கு ஒன்றிரண்டு மாத்திரை போடுவது இல்லை. என்னிடம் வந்த ஒருவர் மருந்து கேட்கவில்லை, ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்றார். பையைக் கொட்டச் சொன்னேன். கொழுப்பு மாத்திரை அட்டையில் பத்தில் ஏழு அப்படியே இருந்தது, கால் வலிக்கிறது என்று விட்டுவிட்டாராம். நெஞ்சுவலிக்கான மாத்திரையையும் நெஞ்சு வலிக்கிற நாளில் மட்டும் போட்டிருக்கிறார். மருந்தை மாற்றி, அளவைக் கூட்டி இரண்டு மாதம் பார்த்தோம், காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விட வேண்டும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே வர வேண்டும்.

அப்புறம் ஒன்று, ஸ்டென்ட் வைத்தாலும் மாத்திரை நிற்காது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மருந்தைச் சேர்த்து வழக்கமாக ஆறு மாதம் போட வேண்டிவரும், அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணோ, மூலத்தில் ரத்தம் போவதோ, குடலிறக்க ஆபரேஷன் மாதிரி ஏதாவது பாக்கியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சார்பிட்ரேட் மாத்திரையை அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழலாம். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த தூரத்திலேயே வர ஆரம்பித்தாலோ அது நிலையான வலி இல்லை, நான் மேலே சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.